காணிக்கு ஒரு புள்ளி

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், "சந்திரயானைப் பத்தி எழுதுங்களேன், நம்ம ஊர்க்காரர் செஞ்சது" என்றார்கள். உண்மைதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்தில் பிறந்து, இங்கேயே ரயில்வே பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் படித்தவர். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வரலாறு படித்த எனக்கு வேறொரு கதை சொல்லத் தோன்றுகிறது. மேலே போய் நிலாவைப் பார்த்த கதை இல்லை. மேலே போய், திரும்பி, நம் மண்ணையே பார்த்த கதை. அரசாங்கப் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில், விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் வானத்திலிருந்து பார்த்த கதை. அந்தப் படங்கள் யாருக்குக் கிடைத்தன என்பதும் அந்தக் கதையில் ஒரு பாதி.

நம் பகுதிக்கு வழி சொன்ன முதல் ஆள் பாணன்தான் என்று தமிழ்த்துறை நண்பர்கள் சொல்வார்கள். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அதில் வரும் கிடங்கில்தான் இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அது பரிசில் வாங்கப் போகிறவனுக்குச் சொன்ன வழி. அரசாங்கம் தன் தேவைக்காக நிலத்தை அளந்தது என்றால், 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலியை நீட்டி அடிக்கோடு அளக்கத் தொடங்கினாரே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். சுமார் ஏழரை மைல் நீளக் கோடு. அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு தெற்கே கடலூர்ப் பக்கம் வரை வந்தார்கள். அப்புறம் கிராமத்துக்குக் கிராமம் சர்வே கல், புலப்படம், அடங்கல் எல்லாம் வந்தன. வரி வாங்க நிலத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். பார்த்ததைக் குடியானவனுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுதந்திர இந்தியாவில் வானத்திலிருந்து பார்க்கும் வேலை தென்னை மரத்தில் தொடங்கியது. கேரளத்தில் தென்னைக்கு வேர்வாடல் நோய். 1970இல் பி.ஆர். பிஷாரடி என்ற வானிலை அறிஞரும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்புக் கதிரைப் பதியும் வண்ணப்படச் சுருளில் தோப்புகளைப் படமெடுத்தார்கள். நல்ல இலை அகச்சிவப்பை வாரித் திருப்பி அடிக்கும். நோய்ப்பட்ட இலை அப்படிச் செய்யாது. மனிதக் கண்ணுக்கு எல்லாமே பச்சையாகத் தெரியும்போதே, படத்தில் நோய்ப்பட்ட மரம் வேறு நிறமாகிவிடும். இந்தியத் தொலையுணர்வுக் கலையின் தந்தை என்று பிஷாரடியை அழைப்பது இதனால்தான்.

1972 ஜூலையில் அமெரிக்கா தன் முதல் நிலநோக்குச் செயற்கைக்கோளை அனுப்பியது. பின்னாளில் லாண்ட்சாட் என்று பெயர் பெற்றது அதுதான். ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை தொடங்கி, 1979இல் அதற்கருகே ஷாத்நகரில் நிலையம் அமைத்து, லாண்ட்சாட் அனுப்பும் படங்களை நாமே நேராக வாங்கத் தொடங்கினோம். அதே 1979 ஜூன் 7 அன்று நம்முடைய பாஸ்கரா-1, சோவியத் ராக்கெட்டில் ஏறியது. அதன் திட்ட இயக்குநர் பின்னாளில் இஸ்ரோ தலைவரான கஸ்தூரிரங்கன். பாஸ்கராவின் டிவி கேமராவுக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் 247 ஏக்கர். ஒரு சின்ன கிராமமே புள்ளிக்குள் போய்விடும். 1981 நவம்பரில் பாஸ்கரா-2 போனது. இவையிரண்டும் பழகிப் பார்த்தவை எனலாம்.

சொந்தக் கண் திறந்தது 1988 மார்ச் 17. அன்று பைக்கானூரிலிருந்து சோவியத் வோஸ்தோக் ராக்கெட்டில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கிளம்பியது. 904 கி.மீ. உயரம். துருவத்துக்குத் துருவம் சுற்றி 22 நாளைக்கு ஒரு முறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். நம் தலைக்கு மேல் கடப்பது காலைப் பத்து, பத்தரை மணி வாக்கில், அதாவது நாமெல்லாம் இரண்டாவது பீரியடில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதில் இரண்டு வகைக் கேமரா. ஒன்றுக்கு லிஸ்-1 என்று பெயர். அதன் ஒரு புள்ளி தரையில் 72.5 மீட்டருக்கு 72.5 மீட்டர்.

இந்த 72.5 மீட்டரை நான் ஒருநாள் சும்மா பெருக்கிப் பார்த்தேன். சுமார் 56,600 சதுர அடி வந்தது. நம் பக்கத்துக் காணிக் கணக்கு உங்களுக்குத் தெரியும். 24 அடிக் கோலுக்கு ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. ஏறக்குறைய சரியாகக் காணிக்கு ஒரு புள்ளி! அகமதாபாத்தில் கேமரா செய்தவர்களுக்குத் தென்னார்க்காட்டுக் காணி தெரிந்திருக்க நியாயமில்லை. தற்செயல்தான். ஆனால் மயிலத்துக்காரரும் வானூர்க்காரரும் பாகப்பிரிவினையில் பேசும் அளவிலேயே செயற்கைக்கோளும் நம் நிலத்தைப் பார்த்தது என்பதில் எனக்கொரு தனி சந்தோஷம். இரண்டாவது வகைக் கேமரா லிஸ்-2. அதன் புள்ளி நீளத்திலும் அகலத்திலும் இதில் பாதி. ஆகவே கால் காணி. 

படத்தில் நிறங்கள் நாம் பார்க்கும் நிறங்களல்ல. அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவார்கள். அதனால் பச்சைப் பயிரெல்லாம் சிவப்பு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றிய கரும்பு சிவப்பு. கடலோரச் சவுக்கு அடர் சிவப்பு. தண்ணீர் கறுப்பு அல்லது கருநீலம். உழுதுபோட்ட நிலம் சாம்பல் பச்சை. மரக்காணம் உப்பளம் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. மிக முக்கியமாக ஒன்று: ஏரி கறுப்பாகத் தெரிய வேண்டும். ஏரிக்குள் சிவப்பாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் இல்லை, சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது என்று பொருள். ஏரி மாவட்டமான நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இப்படங்களைத் தரையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஆட்கள் நடந்தே ஆக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் என் உறவினர் ஒருவர் அந்த வேலையில் இருந்தார். திண்டிவனம் பக்கம் வந்தபோது ஊர் வழி தெரிந்தவன் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பாலிதீன் உறைக்குள் படம், கையில் பென்சில். ஒரு கொல்லையோரம் நிறுத்தி, இது மல்லாட்டையா, எள்ளா, தரிசா என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தோம். கொல்லைக்காரப் பெரியவர் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் காணி எது சார் இதுல?"

உறவினர் பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார். "இந்தப் புள்ளி அய்யா. ஆனா பாதி உங்களுது, பாதி பக்கத்துக் கொல்லை. ரெண்டும் சேந்து ஒரே நிறமா விழுந்திருக்கு."

"அது எங்க பங்காளிது. பட்டா வேற வேற சார்! இருபது வருஷமா பேச்சுவார்த்தையே கிடையாது. நீங்க மேல போயி ஒண்ணாக்கிப்புட்டீங்களே!"

சிரிப்பு அடங்கியதும் பெரியவர் கேட்டது மட்டும் எனக்கு மறக்கவில்லை. "இதுல ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா? கெணறு வெட்டறதுக்குப் பாக்கணும்." உறவினர் சங்கடப்பட்டார். படம் வேண்டுமானால் ஐதராபாத்துக்கு எழுதிப் பணம் கட்டி வாங்கலாம். கூட வைத்திருந்த நில அளவை வரைபடத்தையோ கண்ணிலே காட்டுவதற்கே அனுமதி இல்லை.

அதென்ன கதை என்று மாணவர்கள் கேட்கலாம். அப்போது கடற்கரையிலிருந்தும் நாட்டின் எல்லையிலிருந்தும் சுமார் 80 கி.மீ. அகலத்துக்கு உள்ள பகுதிகளின் நிலவரைபடங்கள் கட்டுப்படுத்தப்பட்டவை. பாதுகாப்புக் காரணம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் அந்தப் பட்டைக்குள் முழுசாக அடங்கிவிடும். ஆகவே நம் ஊர் வரைபடம் நமக்குக் கிடையாது. இதில் இன்னொரு வேடிக்கை. பழைய நில அளவைத் தாள்களின் எண் வரிசையில் 12 பாகை அட்சக்கோடு ஒரு பெரிய எல்லை. அது முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி பக்கமாக நம்மைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதனால் திண்டிவனம் 57ஆம் வரிசைத் தாளில், விழுப்புரம் 58ஆம் வரிசைத் தாளில். பாசஞ்சர் வண்டியில் ஒரு மணி நேரம், வரைபடத்தில் வேறு வேறு உலகம். 148 கி.மீ. அகலத்துக்கு ஒரே வீச்சாகப் பார்த்த ஐ.ஆர்.எஸ்.-1ஏ தான் இரண்டு ஊரையும், செஞ்சி மலையையும், பாண்டிச்சேரிக் கடலையும் ஒரே தாளில் கொண்டுவந்தது.

கிணறு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கருங்கல் பாறை. திருவக்கரை, வானூர் பக்கம்தான் மணற்கல். கல்மரங்கள் கிடப்பதும் அங்கேதான். பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். தரையில் நின்றால் வெடிப்பின் போக்கு தெரியாது. வானத்திலிருந்து பார்த்தால், ஓடை திடீரென்று நேராகப் போவதும், செடிகொடிகள் ஒரே கோட்டில் பசுமையாக இருப்பதும் தெரியும். அப்படி இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் போர் போட்டால் தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1986இல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கத்துக்காக இப்படித்தான் மாவட்டம் மாவட்டமாக நிலத்தடி நீர் வரைபடம் போட்டார்கள். குடிநீருக்கு அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் சொந்தக் காசில் கிணறு தோண்டியவர்கள், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவரைத்தான் கூப்பிட்டார்கள். மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம். அந்தத் தேங்காய்க்காரர் வீட்டுக்கு வந்தார், வரைபடம் வரவில்லை.

அரசாங்கம் ஏன் இதற்கெல்லாம் செலவழிக்க வேண்டும், தனியாரிடம் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 1984இல் சட்டம் போட்டு லாண்ட்சாட் படங்களை விற்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு படத்தின் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியது. வாங்குவதற்குப் பல்கலைக்கழகங்களே தயங்கின. 1992இல் வேறு சட்டம் போட்டு அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். 1993இல் லாண்ட்சாட்-6 சுற்றுப்பாதையை எட்டாமலே போனது. அந்த இடைவெளியில் 1995 டிசம்பர் 28 அன்று நம் ஐ.ஆர்.எஸ்.-1சி பறந்தது. அதன் கறுப்பு வெள்ளைக் கேமராவின் புள்ளி 5.8 மீட்டர், நம் கணக்கில் அரைக் குழிக்குச் சற்று மேல். பொதுமக்கள் பயன்பாட்டுக்கான செயற்கைக்கோள்களில் உலகிலேயே கூர்மையான கண் அப்போது அதுதான். 1999இல் அமெரிக்காவின் இக்கோனாஸ் வரும்வரை அந்தப் பெயர் நமக்கே இருந்தது. நம் படங்களை அமெரிக்க நிறுவனமே வாங்கி விற்றது. காணியில் தொடங்கி அரைக் குழிக்கு வர ஏழே முக்கால் வருடம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1க்கு ஒரு புள்ளி இரண்டரை மீட்டர். ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சுற்றி வரும் இடம்.

கண் கூர்மையானது, கை திறக்கவில்லை. 2001இல் வந்த தரவுக் கொள்கை 5.8 மீட்டருக்கும் கூர்மையான படங்களுக்குச் சல்லடை போட்டது. 2011இல் அந்த அளவு ஒரு மீட்டராகத் தளர்ந்தது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. அதற்குள் கூகிள்காரன் நம் வீட்டு மொட்டை மாடியை நமக்கே காட்டிவிட்டான் என்பது வேறு விஷயம். 2008இல் அமெரிக்கா பழைய லாண்ட்சாட் படங்களை இலவசமாகத் திறந்தது. 2009 ஆகஸ்டில் இஸ்ரோவின் 'புவன்' இணையதளம் வந்தது. 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீங்கின. 2023இன் விண்வெளிக் கொள்கையோ 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் உள்ள படங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. பெரியவர் கேட்ட அந்தக் காணிப் படம் முப்பது வருடம் கழித்து இலவசம்.

தாமதத்தால் என்ன நஷ்டம்? கழுவெளியைப் பாருங்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகள் பலவற்றின் வடிகால் அதில்தான் சேரும்; எடையந்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்பு. ஐப்பசி கார்த்திகையில் விரிந்து, சித்திரை வைகாசியில் சுருங்கும். சுருங்கும்போது யார் வேண்டுமானாலும் "இது ஏரியே இல்லை, தரிசு" என்று சொல்லலாம். சொன்னார்கள். வருடா வருடம் மழைக்குப் பிந்தைய படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பேச்சு நிற்காது. அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 1990களிலேயே செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் ஈரநிலங்களைக் கணக்கெடுத்தது. 2011இல் தேசிய ஈரநில வரைபடத் தொகுதியும் வெளியானது. ஆனால் கழுவெளி பறவைகள் சரணாலயமானது 2021 டிசம்பரில்தான். ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2024 ஆகஸ்டில். படம் இருந்தது, பார்க்க வேண்டியவர் கையில் அது வந்துசேர இத்தனை காலம்.

இந்தக் கண்களுக்கு ஒரு பெரிய ஊனமும் உண்டு. மேகம். நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். சம்பா நெல் வளரும் மாதங்களில்தான் வானம் மூடியிருக்கும். லிஸ் கேமராக்கள் அப்போது மேகத்தைத்தான் படமெடுக்கும். வேண்டிய நேரத்தில் கண் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றதே, அப்போது அதை முழுசாக உணர்ந்தோம். புயல் உருவானதைக் கடல் மேல் பார்த்துச் சொன்னவை இஸ்ரோ செயற்கைக்கோள்கள். அது வரை சரி. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. சாத்தனூரிலிருந்து 1,68,000 கனஅடி திறக்க, தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை ஆறாக ஓடியது. விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி, டிசம்பர் 2 அன்று ரயில்கள் நின்றன. நான் மேலே சொன்ன 12 பாகைக் கோடு போகும் இடமேதான்.

மேகத்துக்கு மருந்து ரேடார். அது சூரிய வெளிச்சத்தை நம்பாமல் தானே அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும். மேகம், மழை, இரவு எதுவும் தடையில்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் சிதறடித்துவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும்; வெள்ள எல்லையை அப்படியே வரையலாம். இந்தியாவில் 2012இல் ரிசாட்-1, 2022 பிப்ரவரி 14 அன்று இ.ஓ.எஸ்.-04. ஐரோப்பியர்களின் சென்டினல்-1 படங்கள் 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். ரேடார் படத்தைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கிடும் வேலையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் செய்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்பதில் அந்தக் கணக்குக்கும் இடமுண்டு. ஆகவே புள்ளி யாருடைய கொல்லையில் விழுந்தது என்பது இனிமேல் சிரித்துவிட்டுப் போகும் விஷயமில்லை.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் கிளம்பியது. இரண்டு அலைவரிசையில் ரேடார், 12 மீட்டர் அகல வலைக்குடை, 12 நாளுக்கு ஒரு முறை அதே இடம். நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் கண்டுபிடிக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்த ஊர்களில் தரை அமுங்குகிறதா என்று பார்க்கலாம். அதன் படங்களும் இலவசம் என்றே ஏற்பாடு.

முதல் கண்ணான ஐ.ஆர்.எஸ்.-1ஏ எட்டு வருடம் நான்கு மாதம் உழைத்து 1996 ஜூலையில் ஓய்ந்தது. தென்னார்க்காடு மாவட்டமாக நம்மைப் பார்க்கத் தொடங்கி, 1993 செப்டம்பர் 30க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டமாகப் பார்த்து முடித்தது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கல்லூரிக் கணினியிலேயே செய்யலாம். 1988க்குப் பின் நம் தாலுக்காக்களின் ஜனவரி மாதப் படங்களில், மேகமில்லாதவையாகப் பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லாண்ட்சாட்டிலும் தேடுங்கள், நம்முடையதிலும் தேடுங்கள். உங்கள் ஊர் ஏரி எந்த வருடம் கறுப்பு, எந்த வருடம் சிவப்பு என்று குறியுங்கள். பிறகு ஊருக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அச்சுப் போடும் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்று பொதுக்குழுவில் நான் கேட்கப் போகிறேன். நூலகத்தில் ஒரு பிரதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி.